தனி ஆளாக மொபைல் ஆப், கேம் செய்து பிழைக்க முடியுமா?

கேள்வி இது: ஆறு வருடம் வெப் டெவலப்பராக வேலை பார்த்தவர், யூனிட்டி என்ற கேம் எஞ்சின் (கேம் உருவாக்கும் மென்பொருள்) ஓரளவு தெரியும், மனதில் ஒரு பெரிய ஆர்.பி.ஜி. (ஒரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும்) கேம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் இதில் இறங்கலாமா, எதிலிருந்து தொடங்குவது, எவ்வளவு வரும், எங்கே அடி விழும் என்று கேட்கிறார்.

பிழைக்க முடியும். ஆனால் அந்த ஆர்.பி.ஜி.யில் தொடங்க வேண்டாம், வேலையையும் இப்போதைக்கு விட வேண்டாம். கேமை உருவாக்குவது ஒரு வேலை என்றால், அதை ஸ்டோரில் ஏற்றி, பணம் வாங்கி, உடைந்ததைச் சரிபார்த்து மறுபடி ஏற்றுவது முற்றிலும் வேறு வேலை. இந்த இரண்டாவதைத் தொட்டே பார்க்காமல் முதலாவதில் இரண்டு வருடம் போட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம் நொந்துபோகிறார்கள்.

அதனால் முதல் ஆப் சின்னதாக இருக்கட்டும். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் முடிகிற அளவு: ஒரு மெட்ரோனோம், ஒரு செலவுக் குறிப்பேடு, ஒரே விரலால் ஆடும் கேம், எதுவானாலும் சரி. ஆனால் அதில் காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருள், ஒரு விளம்பரம், ஆப் திடீரென்று செயலிழந்தால் (க்ராஷ்) ரிப்போர்ட் வரும் ஏற்பாடு, வெளியிட்ட பிறகு குறைந்தது இரண்டு அப்டேட் இவை இருந்தே தீர வேண்டும். அது சம்பாதிக்காவிட்டாலும் கவலை இல்லை.

கணக்குத் திறப்பதிலேயே முதல் தடை வரும். கூகுள் ப்ளேயில் ஒருமுறை 25 டாலர். ஆப்பிளில் வருடத்துக்கு 99 டாலர், கட்டத் தவறினால் உங்கள் ஆப்கள் ஸ்டோரில் கிடைக்காமல் போய்விடும். 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் ப்ளே கணக்கு என்றால், பொதுவில் வெளியிடும் முன் மூடிய சோதனை (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் பயன்படுத்திப் பார்ப்பது) நடத்த வேண்டும்: குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள் சேர்ந்தபடி இருக்க வேண்டும். (முதலில் 20 பேர் கேட்டார்கள், பிறகு குறைத்தார்கள்.) சரியாக 12 பேரை மட்டும் சேர்க்காதீர்கள். ஒன்பதாம் நாள் ஒருவர் விலகினால் உங்கள் 14 நாள் கணக்கு உடையும். 16 முதல் 18 பேர் வைத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்து விண்ணப்பிக்கும்போது, என்ன கருத்து வந்தது, அதை வைத்து எதை மாற்றினீர்கள் என்று கேட்பார்கள். அந்த 14 நாளில் இரண்டு மூன்று அப்டேட் போட்டு, யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்திருந்தால் பதில் எழுதுவது எளிது. காசுக்குச் சோதனையாளர் பிடித்துத் தருகிறோம் என்கிற ஆட்களிடம் போகாதீர்கள். ஆப்பைத் திறந்தே பார்க்காத பன்னிரண்டு பேரால் எந்தப் பயனும் இல்லை.

பலர் கவனிக்காத இன்னொன்று: தனிநபர் கணக்கில் காசு வாங்கும் ஆப் வைத்திருந்தால் உங்கள் முழு முகவரி ப்ளே பக்கத்தில் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வணிகராக விற்றால் ஆப்பிளும் தொடர்பு விவரத்தைக் காட்டும். வீட்டு முகவரி வெளியே தெரியக் கூடாது என்றால், நிறுவனமாகப் பதிவு செய்து டன்ஸ் எண் (நிறுவனங்களுக்கான அடையாள எண்) வாங்கி, நிறுவனக் கணக்காகத் திறப்பது ஒரு வழி. அப்போது 12 பேர் சோதனை நிபந்தனையும் கிடையாது. இதைக் கணக்குத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

எஞ்சின் பற்றி நாள்கணக்கில் வாதிடுவார்கள். நான் ஒரு பத்தியில் முடிக்கிறேன். யூனிட்டி தெரியுமானால் யூனிட்டியிலேயே இருங்கள். 2023 செப்டம்பரில் அவர்கள் அறிவித்த, இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்ற கட்டணம் 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. இலவசப் பதிப்பின் வரம்பு வருடத்துக்கு 2,00,000 டாலர் வருமானம் என்று உயர்ந்தது. அந்தக் கலவரத்துக்குப் பிறகு யாரையும் நம்ப மனமில்லை என்பவர்களுக்கு கோடோ எஞ்சின் இருக்கிறது: எம்.ஐ.டி. உரிமம் (யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்), யாருக்கும் பங்கு தர வேண்டாம், 2டி கேமுக்கு அருமை. அன்ரியல் எஞ்சின், வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் 5 சதவீதம் கேட்கும். தனி ஆள் செய்யும் மொபைல் கேமுக்கு அது பெரும்பாலும் சுமைதான். கேம் அல்லாத ஆப்புக்கு எஞ்சினே வேண்டாம்: ஃப்ளட்டர் (ஒரே நிரலில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆப் செய்யும் கருவி), இல்லையென்றால் ஆண்ட்ராய்டுக்குக் காட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட் என்ற மொழிகள். ஐபோனுக்கு ஏற்ற வேண்டுமானால் எக்ஸ்கோட் என்ற ஆப்பிளின் மென்பொருள் வேண்டும், அதற்கு மேக் வேண்டும். வாடகை மேக்கில் பில்ட் (ஸ்டோரில் ஏற்றும் முடிந்த ஃபைல்) எடுக்கலாம், ஆனால் கையில் ஒரு நிஜ ஐபோன் இல்லாமல் வெளியிடாதீர்கள்.

இனி பணம். இங்கே பேச வேண்டியது ஒரே எண்தான்: ஒரு இன்ஸ்டால் உங்களுக்கு எவ்வளவு கொண்டுவருகிறது?

விளம்பரத்தை மட்டும் நம்பும் ஒரு சின்ன கேமை எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்கு, வழிமுறைதான் முக்கியம். 100 பேர் இறக்கினால் மறுநாள் 30 பேர் வருகிறார்கள், ஏழாம் நாள் 10 பேர், முப்பதாம் நாள் 4 பேர். இடைப்பட்ட நாட்களையும் கூட்டினால் ஒரு இன்ஸ்டாலுக்கு முதல் மாதத்தில் சுமார் 3.5 ஆட்ட நாள் கிடைக்கும். ஒரு நாளில் ஒருவர் 4 விளம்பரம் பார்க்கிறார், ஆயிரம் விளம்பரத்துக்குச் சராசரி 2 டாலர் என்றால், ஒரு நாளுக்கு ஒருவரிடமிருந்து 0.8 சென்ட். 3.5ஆல் பெருக்கினால் 2.8 சென்ட். ஒரு இன்ஸ்டாலின் மதிப்பு அவ்வளவுதான். நாளுக்கு 8 டாலர் வேண்டுமானால் தினமும் ஆயிரம் பேர் ஆட வேண்டும். அந்த ஆயிரம் குறையாமல் இருக்க நாளுக்கு 280 பேருக்கு மேல் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். விளம்பரம் கொடுத்து ஆள் சேர்க்கலாமா என்ற கேள்விக்கும் இதே கணக்கு பதில் சொல்லிவிடும்: 50 சென்ட் கொடுத்து ஒரு இன்ஸ்டாலை வாங்கி 3 சென்ட் எடுப்பது வியாபாரம் அல்ல.

இப்போது ஒரு தொழில்முறை ஆப்: உதாரணமாக இசை ஆசிரியர்கள் வகுப்புக் கணக்கு வைத்துக்கொள்வதற்கு ஒன்று. வருடச் சந்தா 20 டாலர். 100 பேர் இறக்கி 2 பேர் வாங்கினால் 40 டாலர். வருடம் 10 லட்சம் டாலருக்குக் கீழ் விற்கும் சிறு டெவலப்பர்களிடம் இரு ஸ்டோர்களும் 15 சதவீதம் பங்கு எடுத்துக்கொள்ளும் (ஆப்பிளில் சிறு வணிகத் திட்டத்தில் நீங்களே விண்ணப்பித்துச் சேர வேண்டும், தானாக வராது, சேராவிட்டால் 30 சதவீதம்). அந்த 15 சதவீதம் போக 34 டாலர், அதாவது இன்ஸ்டாலுக்கு 34 சென்ட். அந்தக் கேமைவிடப் பன்னிரண்டு மடங்கு. வரி தனி.

அதனால்தான் தனி ஆளுக்கு முதல் சோறு ஆப்பிலிருந்து வரட்டும், கேம் அதன் நிழலில் வளரட்டும் என்பது என் கட்சி. கேமில் இன்னொரு அபாயமும் உண்டு. 2014 பிப்ரவரியில் வெளியான த்ரீஸ் என்ற எண் புதிர் கேமுக்கு அதைச் செய்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் உழைத்திருந்தார்கள். அடுத்த மாதமே அதன் சாயலில், ஒரு வார இறுதியில் எழுதப்பட்ட 2048 என்ற கேம் இலவசமாக வந்து உலகமெல்லாம் பரவியது; அதன் நிரலும் (கோட்) திறந்தே கிடந்ததால் பின்னாலேயே நகல்கள் குவிந்தன. படத்தையும் இசையையும் நிரலையும் திருடினால் புகார் கொடுக்கலாம். விளையாட்டு விதியை மட்டும் எடுத்துக்கொண்டவரிடம் பொதுவாக ஒன்றும் செய்ய முடியாது.

விளம்பரம் போடுகிறீர்கள் என்றால்: பில்ட் செய்யும் காலம் முழுக்கச் சோதனை விளம்பர எண்ணை மட்டுமே பயன்படுத்துங்கள். நிஜ விளம்பரத்தை நீங்களோ வீட்டில் உள்ளவர்களோ தட்டிக்கொண்டிருந்தால் ஆட்மாப் (கூகுளின் விளம்பரச் சேவை) கணக்கு முடங்கும், மேல்முறையீட்டில் மீள்வது அரிது. லெவல் தொடங்கும் கணத்தில் முழுத்திரை விளம்பரம் திடீரென்று குதிக்கக் கூடாது. 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாமல் நிற்கவும் கூடாது. ஆடுபவரே விரும்பித் தட்டிப் பார்க்கும் வெகுமதி விளம்பரத்துக்கு இந்த விதி பொருந்தாது. ஐரோப்பாவில் காட்டுவதற்கு பயனரிடம் அனுமதி கேட்கும் அங்கீகரிக்கப்பட்ட ஒப்புதல் படிவம் வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்து வரும் வருமானம் சுருங்கிவிடும். சொந்தமாக ஒரு வலைத்தளமும் அதில் ஆப்-ஆட்ஸ் டெக்ஸ்ட் ஃபைலும் (உங்கள் ஆப்பில் யார் விளம்பரம் விற்கலாம் என்று சொல்லும் பட்டியல்) வைக்க வேண்டும். 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் அனுப்புவார்கள்.

ஆப்புக்குள் விற்பனை என்றால், எல்லோரும் ஒருமுறையாவது மாட்டும் இடம் ஒன்று இருக்கிறது. கூகுள் ப்ளேயில் ஒருவர் வாங்கியதும், அதைப் பெற்றுக்கொண்டேன் என்று உங்கள் கோட் மூன்று நாளுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் தானாகத் திரும்பிப்போகும், வாங்கிய உரிமையும் போகும். வாங்கும் பொத்தானை அழுத்தியவுடன் வரும் பதிலில் மட்டும் இந்த ஒப்புகையை எழுதிவிட்டு விடுவார்கள். பணம் போன அதே நொடியில் நெட் அறுந்தால், அல்லது ஃபோன் ஆப்பை மூடிவிட்டால், அந்தப் பதில் வரவே வராது. ஆப் ஒவ்வொரு முறை திறக்கும்போதும், பின்னணியிலிருந்து முன்னுக்கு வரும்போதும், நிலுவையில் உள்ள வாங்கல்களைக் கேட்டு ஒப்புகை அனுப்பும் கோட் இருக்க வேண்டும். இதைச் சோதிப்பது சுலபம்: உரிமச் சோதனையாளராக, அதாவது நிஜப் பணம் போகாமல் வாங்கிப் பார்ப்பவராகப் பதிந்த கணக்கில் அந்தக் காலக்கெடு மூன்று நிமிடம்தான். வாங்குங்கள், உடனே ஆப்பைக் கொல்லுங்கள், ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஒப்புகை போயிருக்காவிட்டால் பணம் திரும்பியிருக்கும். அடுத்த முறை வாங்கி, கொன்று, ஒரு நிமிடத்துக்குள் திறந்து பாருங்கள். பொருள் கைக்கு வந்திருந்தால் கோட் சரி. ஐபோனில் இதற்கு இணையான தவறு, பழைய வாங்கலை மீட்கும் பொத்தான் வைக்காமல் விடுவது. ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

ஆப்பிள் ரிவ்யூவில் அடிக்கடி விழும் மற்றவை: லாகின் கேட்கும் ஆப்புக்குச் சோதனைப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்காதது, கணக்குத் திறக்க வழி வைத்துவிட்டு அதை ஆப்புக்குள்ளேயே அழிக்க வழி வைக்காதது, ஒரே டெம்ப்ளேட்டில் நிறம் மாற்றி ஐந்து ஆப் போடுவது. கூகுளில், தரவுப் பாதுகாப்புப் படிவத்தில் 'எதையும் சேகரிப்பதில்லை' என்று டிக் அடித்துவிட்டு, உள்ளே விளம்பர எஸ்.டி.கே. (வேறு நிறுவனம் எழுதித் தரும், ஆப்பில் சேர்க்கும் கோட் தொகுப்பு) விளம்பர அடையாள எண்ணைச் சேகரித்துக்கொண்டிருப்பது. நீங்கள் எழுதிய கோட் மட்டுமல்ல, சேர்த்த ஒவ்வொரு எஸ்.டி.கே.யும் செய்வது உங்கள் கணக்கில்தான்.

கேமில் தொழில்நுட்ப அடி பெரும்பாலும் மெமரியில் விழுகிறது. அழகான பின்னணிப் படம், 2048க்கு 2048 பிக்சல், டிஸ்கில் 300 கே.பி. பி.என்.ஜி. ஃபைல். கம்ப்ரஸ் செய்யாமல் விட்டால் மெமரியில் அது பிக்சலுக்கு 4 பைட், மொத்தம் 16 எம்.பி. பிடிக்கும்; டிஸ்கில் எவ்வளவு சின்னது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பன்னிரண்டு பின்னணிகளை ஒன்றாக ஏற்றினால் 192 எம்.பி. அதையே ஏ.எஸ்.டி.சி. 6×6 என்ற படச் சுருக்க முறையில் வைத்தால் ஒரு படம் சுமார் 1.8 எம்.பி., பன்னிரண்டும் சேர்ந்து 22க்குள். 2 ஜி.பி. ரேம் ஃபோனில் இந்த வித்தியாசம்தான் கேம் ஓடுகிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும். மெமரி போதாமல் ஆண்ட்ராய்டு உங்கள் கேமைக் கொல்லும்போது வழக்கமான க்ராஷ் ரிப்போர்ட் வராது. பட்டியல் சுத்தமாக இருக்கும்; ரிவ்யூவில் மட்டும் 'தானாக மூடிக்கொள்கிறது, ஒரு ஸ்டார்' என்று வந்துகொண்டிருக்கும். அதனால் ஒரு பழைய, மலிவான ஆண்ட்ராய்டு ஃபோனை வாங்கி மேசையில் வையுங்கள். அதில் 20 நிமிடம் விடாமல் ஆடிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் விநாடிக்கு 60 ஃப்ரேமில் ஓடுவது சூடேறியதும் 35க்கு இறங்கலாம். அப்படியானால் 30லேயே கட்டிப்போடுவது நல்லது. ஏறி இறங்கும் வேகத்தைவிட நிலையான 30 கண்ணுக்கு இதம்.

ப்ளேயில் க்ராஷ் விகிதம் 1.09 சதவீதத்தையோ, ஆப் உறைந்து நிற்கும் ஏ.என்.ஆர். விகிதம் 0.47 சதவீதத்தையோ தாண்டினால் ஸ்டோரில் உங்கள் ஆப் கண்ணில் படுவது குறையும். தினமும் ஆடுகிறவர்களில் இத்தனை சதவீதம் என்பது கணக்கு. மெயின் த்ரெட் (தொடுதலுக்குப் பதில் சொல்லும் முதன்மை ஓட்டம்) 5 விநாடி பதில் சொல்லாமல் நின்றால் ஏ.என்.ஆர். ஆப் திறக்கும்போதே மூன்று விளம்பர எஸ்.டி.கே.யை ஒன்றாகத் தொடங்கிவைப்பது இதற்குப் பழைய, நம்பகமான காரணம்.

அப்டேட் போடும்போது ஒரேயடியாக எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். 5 சதவீதம், ஒரு நாள் பார்த்து 20, பிறகு 50, பிறகு முழுதாக. தவறு தெரிந்தால் நிறுத்தலாம். ஆனால் ஏற்கெனவே வாங்கிக்கொண்டவர்களைப் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது, இன்னும் பெரிய வெர்ஷன் எண்ணோடு புதிய பில்ட்தான் அனுப்ப வேண்டும். அந்த எண்ணுக்கு உச்சவரம்பு 210,00,00,000. வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம் என்று இரண்டிரண்டு இலக்கமாக ஒட்டி எண் உருவாக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. அது 2406151230 போல வரும், வரம்பைத் தாண்டும். 1, 2, 3 என்று போனாலே போதும்.

சாவி, அதாவது ஆப் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கானது: ப்ளேயில் ஆப் கையொப்பச் சாவியைக் கூகுளிடமே விட்டுவிட்டு, பதிவேற்றும் சாவியை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பதிவேற்றும் சாவி தொலைந்தால் மாற்றித் தருவார்கள். ஆனாலும் சாவி இருக்கும் கீஸ்டோர் ஃபைலையும் கடவுச்சொல்லையும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

ஸ்டோர் பக்கத்துக்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள். தலைப்பு இரு ஸ்டோரிலும் 30 எழுத்து. ப்ளேயில் சிறு விளக்கம் 80, முழு விளக்கம் 4000. தேடலில் அந்த விளக்கத்தில் உள்ள சொற்களும் கணக்கில் வரும். ஆப்பிளில் அப்படி இல்லை. துணைத்தலைப்பு 30, வெளியே தெரியாத கீவேர்டு கட்டம் 100. அந்த நூறில் தலைப்பில் உள்ள சொல்லை மறுபடி எழுதுவதும், காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடுவதும் இடத்தை வீணாக்குவது. முதல் இரண்டு ஸ்கிரீன்ஷாட்டில் ஆப் என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும். லோகோவும் வரவேற்புத் திரையும் யாருக்கும் வேண்டாம். ரேட்டிங் கேட்பதை ஒரு வேலை நல்லபடியாக முடிந்த கணத்தில் வையுங்கள்: லெவல் ஜெயித்ததும், ரிப்போர்ட் சேமித்ததும். ஐபோனில் வருடத்தில் மூன்று முறைதான் அந்தப் பெட்டி தோன்றும், முதல் திறப்பிலேயே ஒன்றைச் செலவழிக்காதீர்கள்.

பராமரிப்பை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. ப்ளே ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் முடிவுக்குள் புதிய ஏ.பி.ஐ. நிலையை (ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும் எண்) குறிவைக்கச் சொல்கிறது. 2025இல் அது 35. அதே வருடம் நவம்பரிலிருந்து 16 கே.பி. மெமரிப் பக்கத்துக்கும் (ஃபோன் தன் மெமரியைத் துண்டாக்கும் அளவு) ஏற்றதாக இருக்க வேண்டும் என்றார்கள். பழைய எஞ்சின் பதிப்பில் எடுத்த, நேட்டிவ் லைப்ரரி (சிப்புக்கு நேரடியாகத் தொகுத்த கோட்) உள்ள பில்ட்கள் அங்கே மாட்டின. எஞ்சினை உயர்த்தினால் விளம்பர ப்ளகின் உடையும், அதை உயர்த்தினால் பில்லிங் உடையும். ஆப்புக்கு இரண்டிலிருந்து நான்கு நாள் வைத்தாலும், பத்து ஆப் இருந்தால் ஒரு மாதம் இதிலேயே கரையும். நிறைய ஆப் போட்டால் எதாவது ஒன்று ஓடும் என்ற யோசனை இங்கேதான் இடறுகிறது. இரண்டு மூன்று போதும். ஓடாததைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

எழுத்துரு, இசை, ஒலி எதை இறக்கினாலும் அதன் உரிமப் பக்கத்தை அன்றே சேமித்துத் தேதியோடு ஒரு ஃபோல்டரில் போடுங்கள். 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம்', 'வணிகமற்ற பயன்பாடு' என்று இருப்பவற்றை விளம்பரம் போடும் இலவச கேமில்கூடச் சேர்க்காதீர்கள்.

வேலையை எப்போது விடுவது? பன்னிரண்டு மாதச் செலவு தனியாகக் கையில் இருந்து, ஆப் வருமானம் தொடர்ந்து ஆறு மாதம் மாதச் செலவில் பாதியைத் தொட்டிருந்தால் யோசிக்கலாம். ஒரே ஒரு நல்ல மாதத்தைப் பார்த்து விடாதீர்கள். ஸ்டோரில் எங்காவது முன்னால் காட்டப்பட்டால் வரும் கூட்டம் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். இன்று விற்றது இன்று வராது என்பதும் நினைவில் இருக்கட்டும்: ஆப்பிள் தன் நிதி மாதம் முடிந்து 45 நாளுக்குள் என்று கணக்கு வைத்திருக்கிறது, விளம்பரப் பணம் அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கு மேல்தான்.

அந்த ஆர்.பி.ஜி.யைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரு ஊர், ஒரு சண்டை, ஒரு கடை, பத்து நிமிட ஆட்டம், இவ்வளவை மட்டும் இரண்டு மாதத்தில் செய்து, உங்களைத் தெரியாத ஐம்பது பேரிடம் மூடிய சோதனையில் கொடுங்கள். மறுநாள் தானாகத் திறந்தவர்கள் பதினைந்துக்குக் கீழ் என்றால் கதை எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தப் பத்து நிமிடத்தையே மாற்றுங்கள். தாண்டினால் மேலே கட்டலாம். எப்படியானாலும் சேவ் ஃபைலில் முதல் நாளிலிருந்தே ஒரு வெர்ஷன் எண் எழுதுங்கள். சேமிக்கும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதாமல், தற்காலிக ஃபைலில் எழுதி முடித்த பிறகு பெயரை மாற்றுங்கள். நாற்பது மணி நேரம் ஆடிய ஒருவரின் சேவ், பேட்டரி தீர்ந்த நொடியில் பாதியில் நின்றுபோனால், அவர் எழுதும் ரிவ்யூவுக்கு உங்களிடம் பதில் இருக்காது.